டிகிரி பாய்

அவர் கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. ஆனாலும் குர்லாவில் இருந்த எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அவர் டிகிரி பாய். பத்து டிகிரி சாய்வு என்று சொன்ன இடத்தில் ஒன்பது இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி வந்த பெயர் அது.

மாடிகளில் சோலார் பேனல்களைத் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டங்களைச் செய்து, சாய்வு பார்த்து நிறுத்திக் கொடுப்பது அவர் வேலை. சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். தாராவியில் ஒரு சந்துக்குள் பட்டறை, அதற்கு மேலே இரும்பு ஏணி ஏறிப்போனால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. நான் எங்கள் கம்பெனியில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவன். எந்த மாடிக்கு எந்த நாள் எத்தனை பேர் போக வேண்டும் என்பது என் கையில் இருந்தது. எனக்கும் அவருக்கும் வயதில் நாலைந்து வருட வித்தியாசம்தான் இருக்கும். நான் அவரைப் பாய் என்பேன். அவர் தன் ஊர்ப் பேச்சில் என்னை 'வே' என்பார்.

மும்பையில் வளர்ந்தவன் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருகிற சொல் 'சலேகா'. பரவாயில்லை, ஓடிவிடும், இது போதும் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். நான் செம்பூரில் பிறந்து அந்தச் சொல்லிலேயே வளர்ந்தவன். பாய்க்கு அதைக் கேட்டாலே முகம் சுருங்கிவிடும். "அத மட்டும் எங்கிட்ட சொல்லாதீரும் வே" என்பார்.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம். பேனல்களைப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கி, வீட்டுக்காரர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆட்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாய் தன் கருவியோடு மேலே போனார். கருவி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானி, அதன் நடுவில் கட்டிய நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. போனிலேயே கோணம் பார்க்கலாமே என்றால், "மூணு போன்ல மூணு காட்டுது. நூலுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். அன்றைக்கு ஒரு வரிசை மட்டும் இரண்டு டிகிரி தாழ்ந்திருந்தது. பன்னிரண்டு மணி வெயிலில் அத்தனை போல்ட்டையும் திரும்பக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"பாய், ரெண்டு டிகிரில என்ன போயிரப் போவுது?" என்றேன்.

"நூத்துல ஒண்ணு கூடப் போவாது. அதுல கால்வாசி போனா பெருசு."

"அப்புறம் எதுக்கு?"

"தெரியாம போனா போவட்டும். தெரிஞ்சுக்கிட்டே போக விடலாமா வே?"

வேலை முடித்துக் கீழே வந்ததும் அந்த வீட்டு அம்மாள் எங்களுக்குக் காபி கொடுத்தாள். பாய் காபியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதன் வலது மூலையை விரலால் ஒரு நூலளவு உயர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பத்து வருஷமா கோணலா இருக்கு, கோணலா இருக்குன்னு சொல்லிண்டே இருக்கேன். இவர் கேட்டாத்தானே!" என்றாள். உள்ளேயிருந்து அவள் கணவர், "எல்லாம் நேராத்தான் இருந்தது" என்றார். பாய் அதற்குப் பிறகுதான் காபியைக் குடித்தார்.

எங்கள் கம்பெனியில் எல்லா மாடிக்கும் பத்து டிகிரிதான். கால்கள் குட்டையாக இருந்தால் இரும்பு குறைவு, வேலையும் சுளுவு. பாய் ஆரம்பத்தில் இதற்காக முதலாளியோடு மல்லுக்கு நின்றார். மும்பைக்குப் பத்தொன்பதுதான் சரி என்றார். எல்லோரும் சேட் என்று கூப்பிடும் எங்கள் முதலாளி, "எல்லாக் கம்பெனியும் பத்துதான் வைக்கிறான்" என்று முடித்துவிட்டார்.

பாய் அதோடு விடவில்லை. தன் வீட்டுத் தகரக் கூரையின் மேல் இரண்டு சின்னப் பேனல்களை வைத்தார். ஒன்றைப் பத்தொன்பதிலேயே நிறுத்திவிட்டு, இன்னொன்றின் சாய்வை வாரா வாரம் மாற்றினார். காலை, மதியம், சாயந்திரம் மூன்று வேளையும் மீட்டர் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். இது ஒரு வருடம் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவர் மனைவி, "வீடு ஒழுகுது, அதப் பாக்க மாட்டாக. மழைக்குள்ள குடைய பிடிச்சுக்கிட்டு மேல போயி வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு எழுதுதாக" என்று சிரித்தாள்.

வருட முடிவில் நோட்டை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"பத்தும் தப்பு, நாஞ் சொன்ன பத்தொம்பதும் தப்பு" என்றார். தான் சொன்னதும் தப்பு என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சூரியன் ஒரு எடத்துலயா நிக்கு? குளிர்காலத்துல தெக்க தாழ்ந்து போவுது. அப்ப முப்பது வைக்கணும். மே மாசம் நடுவுல ஒரு நாள் உச்சியில நேரா நிக்கும், உம்ம நெழலையே காணாது. அப்ப அஞ்சு போதும். மழைக்கும் அந்த அஞ்சுதான். மேகத்துல வெளிச்சம் நாலா பக்கமும் இருந்து வருது பாத்தீரா? வருசம் பூரா ஒரே கோணம்னு ஒண்ணு கெடையவே கெடையாது வே."

அதற்காக ஒரு காலும் செய்து வைத்திருந்தார். ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொரு குழாய். அதில் இரண்டு ஓட்டைகள். மேல் ஓட்டையில் 'பின்' என்கிற இரும்பு முளையைச் செருகினால் பேனல் முப்பது டிகிரியில் நிற்கும், கீழ் ஓட்டையில் செருகினால் ஐந்து. வருடத்துக்கு இரண்டு முறை மாற்றினால் போதும். இரண்டு ஆட்களுக்கு அரைநாள் வேலை.

"காத்து?" என்று கேட்டேன். அதிகம் நிமிர்ந்து நிற்கிற பேனலுக்கு அடியில் காற்று புகுந்து தூக்கும் என்பது எனக்கும் தெரியும்.

"குளிர்காலத்துல மும்பையில என்ன காத்து? காத்து மே மாசந்தான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள கீழ வந்துரும்லா" என்றார். ஒவ்வொரு காலிலும் மேல் ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் 'குளிர்காலத்துக்கு மட்டும்' என்று இந்தியில் எழுதியிருந்தார்.

சேட் எப்படியோ ஒப்புக்கொண்டார். செம்பூரில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில்தான் முதல்முதலாக அந்தக் கால்களை வைத்தோம். தீபாவளி முடிந்த வாரம் பாயே இருந்து எல்லாவற்றையும் மேல் ஓட்டைக்கு ஏற்றினார். அங்கே பீகாரிலிருந்து வந்த ஒரு வாட்ச்மேன் இருந்தார். மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான். பாய்க்கு டீ கொண்டுவந்து கொடுப்பார். மதியத் தொழுகைக்குத் துண்டை விரிக்க நிழலான மூலையைக் காட்டுவார். "பேனலுக்குத் தெக்கு, எனக்கு மேக்கு" என்று பாய் இந்தியில் சொன்னதற்கு அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. பாய்க்கு அவர் பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் தெரியும். மாதம் இரண்டு தடவை அந்தக் கேட்டைத் தாண்டிப் போகிற நான் அவர் பெயரைக் கேட்டதே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கட்டடத்தின் மீட்டர் ஓடியதைப் பார்த்து சேட்டே வாய் திறந்து பாராட்டினார். பாய் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மார்ச் நடுவில் ஊரிலிருந்து தகவல் வந்தது. அவருடைய உம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்கள். அன்றைக்கே ரயிலேறினார். ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"மாசக் கடைசில செம்பூர்ல எறக்கணும். ரெண்டு ஆள அனுப்பி கீழ் ஓட்டையில மாட்டச் சொல்லிரும். மறந்துராதீரும்."

"சரி பாய். நீங்க உம்மாவப் பாருங்க."

மார்ச் மாதம் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரம் கிடையாது. கணக்கு வருடம் முடிவதற்குள் எல்லோருக்கும் மாடியில் பேனல் ஓடியாக வேண்டும். இருந்த ஆட்களை விக்ரோலிக்கும் கோபர்கைரனேக்கும் பிரித்து அனுப்பவே போதவில்லை. மாதக் கடைசியில் பாய் கூப்பிட்டார். "அடுத்த வாரம் பாய்" என்றேன். ஏப்ரலில் கூப்பிட்டார். "நாளைக்கு ஆள் போறாங்க" என்றேன். போகவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. ஒவ்வொரு நாளும் அதைவிட அவசரமாக ஒன்று இருந்தது. ஐந்து டிகிரியோ முப்பதோ, கரண்ட் வந்துகொண்டுதானே இருக்கிறது, சலேகா என்று மனசுக்குள் ஓடியது.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலையில் அவர் போன் வந்தது.

"உம்மா மௌத்தாயிட்டாக வே. முந்தாநாள் அடக்கம் பண்ணியாச்சு."

வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ ஓதுகிற சத்தம் கேட்டது.

"செம்பூர்ல எறக்கியாச்சா?"

தாயைப் புதைத்து இரண்டு நாள் ஆன மனிதர் கேட்கிறார். அவரிடம் இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரு கவலையாவது குறையட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். அதற்கடுத்த வாரம் எப்படியும் ஆள் அனுப்பிவிடுவோம் என்றும் நினைத்தேன்.

"எறக்கியாச்சு பாய்."

"எப்ப?"

"போன வாரமே."

"அல்ஹம்துலில்லாஹ். நீரு இருக்கையில எனக்கு என்ன" என்றார்.

அந்த வாரம் ஆட்களில் பாதிப்பேர் கோடைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் எனக்கு அது நினைவிலேயே இல்லை. இறக்கியாச்சு என்று சொன்னதை நானே நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

மே மாதம் நடுவில், பிற்பகல் நாலு மணி இருக்கும், வானம் திடீரென்று மஞ்சளாகி, பிறகு கறுத்தது. புழுதியும் மழையும் சேர்ந்த காற்று. ஆபீஸ் ஜன்னல்களை இழுத்துச் சாத்தக்கூட முடியவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்ததும் செம்பூரிலிருந்து போன் வந்தது.

ஓரத்தில் இருந்த ஒரு பேனல் பிய்த்துக்கொண்டு நாலு மாடி கீழே விழுந்திருந்தது. அந்த நேரத்தில் அந்த வாட்ச்மேன், மழையில் நனைந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரைக் கூரைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. நான் நேரே மாடிக்கு ஏறினேன். எல்லாக் கால்களிலும் பின் மேல் ஓட்டையில் இருந்தது. சிவப்பு எழுத்துகள் மழையில் நனைந்து புதிதாக எழுதினதுபோல் பளிச்சென்று இருந்தன. நான் அங்கே நின்ற நேரம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். அது அந்த வாட்ச்மேனைப் பற்றியது அல்ல.

மறுநாள் காலையிலேயே சேட், இன்னொன்று பறந்துவிடக் கூடாது என்று சொல்லி, அத்தனை சட்டங்களையும் காஸ் கட்டரால் அறுத்துக் குர்லாவின் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டார். பின் எந்த ஓட்டையில் இருந்தது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாதவர் அல்ல. "புது மாதிரி கால். செய்தவன் தப்பு" என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் அந்த மனிதர் இறந்துபோனார். பீகாரிலிருந்து அவர் தம்பி வந்து இங்கேயே எரித்துவிட்டு, அண்ணனுடைய தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் கிளம்பிய அன்றுதான் பாய் ஊரிலிருந்து வந்து இறங்கினார். செய்தியை நான்தான் போனில் சொல்லியிருந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல், கசங்கிய சட்டையோடு, அந்தத் தம்பியை ரயிலேற்ற நான் போயிருந்த குர்லா டெர்மினஸுக்கு நேரே வந்துவிட்டார். பிளாட்பாரத்தில் அந்தத் தம்பியின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வண்டியில் ஏற்றிவிட்டு, "அது நான் செய்த சட்டம்" என்று இந்தியில் சொன்னார். தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் வண்டி கிளம்பும்வரை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் பாய் என் கையைப் பிடித்தார்.

"வே, எந்த ஓட்டையில இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று போனில் செய்தி சொன்னபோதே எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டிலிருந்து புறப்பட்டேன். சொன்னால் வேலை போகும். போலீஸ் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தது, ஜெயில்கூட ஆகலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிஷம் நான் இதில் எதையும் நினைக்கவில்லை. அவர் கண்கள் என் மேல் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் பார்த்தேன். அதைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"கீழ் ஓட்டையிலதான் பாய்."

"எல்லாக் காலுமா? நீரே பாத்தீரா?"

"நானே பாத்தேன்."

அவர் என் கையை விட்டார். "அஞ்சு டிகிரில காத்து எப்படி வே உள்ள போவும்?" என்று மெல்லக் கேட்டார். அது என்னிடம் கேட்டது இல்லை.

போலீசில் போய்ச் சட்டம் தன்னுடையது, யோசனை தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சேட் ஏதேதோ பேசி அந்தக் குடும்பத்தோடு சமாதானம் செய்து, வழக்கு இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. பாய் அதற்குப் பிறகு ஒரு மாடியிலும் ஏறவில்லை. "எனக்குத் தெரியாத என்னமோ ஒண்ணு அதுல இருக்கு. அது என்னன்னு தெரியாம அடுத்தவன் தலைக்கு மேல ஒண்ணு நிப்பாட்டப்படாது" என்றார். பட்டறையில் ஜன்னல் கிரில் செய்தார். பிறகு அதையும் குறைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு ரமலான் மாதத்தில் நெஞ்சு வலித்து இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நானும் நின்றேன். அவர் மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒங்களத்தான் கடைசி மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாக" என்று அழுதாள். என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

அதற்கு நாலு மாதம் முன்னால்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். தாராவிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், எப்படியாவது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பட்டறைக்குள் நுழைந்தேன். அப்படி நினைத்து நுழைந்தது அது எத்தனையாவது தடவை என்று சொல்ல முடியாது.

பட்டறையில் வேலை எதுவும் நடக்கவில்லை. சாமான்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, நடுவில் அதே மாதிரி நாலு கால்களை நிறுத்தி, மேலே ஒரு பேனலை மாட்டியிருந்தார். எதிரே கல்யாண மண்டபங்களில் வைக்கிற பெரிய ஃபேன் ஒன்று. வாடகைக்கு எடுத்திருந்தார். பேனலின் ஓரத்தில் நூல்களைக் கட்டியிருந்தார், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. பக்கத்தில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. ஏழோ எட்டோ இருக்கும்.

"வாரும் வே" என்றார். மெலிந்து போயிருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. கண் மட்டும் பழைய கண்.

"முன்னால இருந்து அடிச்சுப் பாத்தாச்சு. பின்னால இருந்து பாத்தாச்சு. பக்கவாட்டுல பாத்தாச்சு. போல்ட்ட லூசாக்கிப் பாத்தாச்சு. தண்ணிய ஊத்திப் பாத்தாச்சு. அஞ்சு டிகிரில அது அசைய மாட்டேங்கு. அன்னைக்கு மட்டும் எப்படிப் பறந்துச்சு?"

நான் பேனலைப் பார்த்தேன். பின் கீழ் ஓட்டையில் இருந்தது. மேல் ஓட்டையைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. பின் அதற்குள் ஒரு தடவையும் போனதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"மேல் ஓட்டையில வச்சுப் பாத்தீங்களா பாய்?" என்றேன். அது மட்டும்தான் எனக்கு வந்தது. அவர் வைத்துப் பார்க்கட்டும், பேனல் தூக்கட்டும், அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"அதெதுக்கு? அதான் நீரு எறக்கிட்டீருல்லா?"

தெருவில் யாரோ வண்டிக்காரனோடு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடிகிறவரை நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குனிந்து நூலும் கோணமானியும் வைத்து ஐந்து டிகிரியை இன்னொரு முறை சரிபார்த்தார். பேனா மூடியைக் கழற்றி நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "ஒத்தையாளாப் பாக்கச் செரமமா இருக்கு. நல்ல வேள, நீரு வந்தீரு" என்றார். பிறகு ஃபேனைப் போட்டு, வேகத்தை ஒன்று கூட்டச் சொன்னார்.

கூட்டினேன்.